முப்பதாயிரம் ஓட்டுக்கு ஒரு எம்.எல்.ஏ.

புதுச்சேரிக்குத் தனி மாநில அந்தஸ்து கேட்டு எங்கள் சட்டப்பேரவை இதுவரை பத்துக்கும் மேற்பட்ட தீர்மானங்களைப் போட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்தே கை தூக்குகின்றன. ஒவ்வொரு முறையும் டெல்லி அதே பதிலைச் சொல்கிறது. அந்தக் கோரிக்கையில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அரசு வேலையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, புதுச்சேரி, காரைக்கால், ஏனாம் என்று மேசை மாறி மாறி உட்கார்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற எனக்கு ஒரு கேள்வி உண்டு. டெல்லி நமக்குத் தர மறுக்கிற அதிகாரத்தை, நமக்குக் கீழே இருப்பவர்களுக்கு நாம் தந்திருக்கிறோமா?

அதற்கு முன் சின்ன ஊரின் சௌகரியத்தைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் குறை மட்டும் பேசினால் சோற்றுக்கடன் பாக்கி நிற்கும்.

2011 கணக்கெடுப்பின்படி எங்கள் மக்கள்தொகை 12.48 லட்சம். தேர்ந்தெடுக்கப்படும் எம்.எல்.ஏ.க்கள் 30 பேர். ஒரு தொகுதிக்கு முப்பதாயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள். தமிழ்நாட்டில் ஒரு எம்.எல்.ஏ.வுக்குச் சுமார் இரண்டரை லட்சம். இந்த வித்தியாசத்தின் பலனைப் பார்க்க வேண்டுமானால் காலை ஏழு மணிக்கு வில்லியனூர் பக்கம் ஏதாவதொரு எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். திண்ணை ஓரம் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருப்பார்கள். முதியோர் பென்ஷன் விண்ணப்பத்தை மடித்து இடுப்பில் செருகியபடி ஒரு பாட்டி, நர்சிங் சீட்டுக்காக மகளோடு வந்த அப்பா, தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல வந்த இரண்டு பேர், காதுகுத்துப் பத்திரிகையோடு ஒரு குடும்பம். எம்.எல்.ஏ. லுங்கியோடு வெளியே வருவார். வந்தவர்களில் பாதிப்பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "உங்க மாமனாருக்குக் கண் ஆபரேஷன் ஆயிடுச்சாம்மா?" என்று விசாரித்துவிட்டுத்தான் மனுவை வாங்குவார். அங்கிருந்தே துறை இயக்குநருக்குப் போன் போகும். இயக்குநர் அலுவலகம் ஸ்கூட்டரில் இருபது நிமிஷம். முதலமைச்சர் ரங்கசாமி மோட்டார் சைக்கிளில் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிற படத்தை வெளியூர்க்காரர்கள் அதிசயமாகப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது செய்தியே இல்லை.

மருத்துவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது ஜிப்மர். இன்று அது மத்திய அரசின் நிறுவனம் என்றாலும் இருப்பது எங்கள் கோரிமேட்டில். கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை என்று சுற்றுப்பட்ட மாவட்டங்களெல்லாம் விடிவதற்குள் பஸ் ஏறி வந்து அங்கே சீட்டு வரிசையில் நிற்கின்றன. இந்தக் கடுகளவு பிரதேசம் பக்கத்து மாநிலத்துக்குச் செய்கிற உபகாரம் அது.

கோளாறு தொடங்குவதும் அதே எம்.எல்.ஏ. வாசலில்தான். அந்தக் கூட்டத்தில் வேலை கேட்டு ஒரு பையன் நிற்பான். அவன் வீட்டில் எட்டு ஓட்டு, சொந்தபந்தம் சேர்த்தால் ஐம்பது. சில நூறு ஓட்டில் வெற்றி தோல்வி தீர்மானமாகிற தொகுதியில் ஐம்பது ஓட்டை யார் தள்ளுவார்? அரசுத் துறையில் தேர்வு, இனச்சுழற்சி என்று ஆயிரம் தொல்லை. அரசு சார்பு நிறுவனங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றனவே, அங்கே தினக்கூலியாக நுழைத்துவிடலாம். இப்படிப் பல ஆட்சிகளில், எல்லாக் கட்சிக்காரர்களும் நுழைத்த ஆட்கள் சேர்ந்து சேர்ந்து, பத்துப் பேர் பார்க்கிற வேலைக்கு முப்பது பேர் என்றாயிற்று. பிறகு நிறுவனம் நொடிக்கும், சம்பளம் நிற்கும், அவர்கள் சட்டப்பேரவைக்கு ஊர்வலம் போவார்கள். தான் பிடித்துப்போட்ட பையனே தன் வீட்டு முன்னால் கோஷம் போடுவதை எம்.எல்.ஏ. கேட்டுக்கொண்டிருப்பார்.

நெசவாலைகளின் கதையும் இப்படித்தான். ரோடியர் மில் என்று நாங்கள் சொல்கிற ஏ.எப்.டி. ஆலை 1898இல் தொடங்கியது. சுதேசி, பாரதி ஆலைகளும் சேர்ந்து இந்த ஊரை ஆலைத் தொழிலாளர் ஊராக வைத்திருந்தன. எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தில் 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் செத்த ஊர் இது. அப்படிப்பட்ட ஆலைகளை அரசு எடுத்து நடத்தியது. 2011 டிசம்பரில் தானே புயல் ஏ.எப்.டி.யின் கூரையைப் பிய்த்துப் போட்டது. 2020இல் மூன்று ஆலைகளுக்கும் பூட்டு. புயல்மேல் பழி போடுவது சுலபம். சந்தை தெரிந்த நிர்வாகம் இல்லாமல் வருஷக்கணக்கில் ஓடியதைப் பற்றி யாரும் வெள்ளை அறிக்கை கொடுக்கவில்லை.

அப்படியானால் எதை வைத்துப் பிழைக்கிறோம்? புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் சாலையில் போய்ப் பாருங்கள். வில்லியனூர், அரியூர் தாண்டினால் கண்டமங்கலம், அது தமிழ்நாடு. இன்னும் கொஞ்சம் போனால் திருபுவனை, மதகடிப்பட்டு, மறுபடி புதுச்சேரி. எல்லைக் கல்லைத் தேட வேண்டாம். சாராயக் கடைகளும் பெட்ரோல் பங்குகளும் எங்கே நெருக்கமாக முளைக்கின்றனவோ அங்கே எங்கள் பிரதேசம் தொடங்குகிறது. பக்கத்து மாநிலத்தைவிட வரியைக் குறைவாக வைத்து அங்கிருந்து ஆளை இழுப்பதுதான் எங்கள் பொருளாதாரக் கொள்கை. கலால் வருமானம் மட்டும் வருஷத்துக்கு ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது. 2020 ஊரடங்கில் கொரோனா வரி போட்டு மது விலையைத் தமிழ்நாட்டுக்குச் சமமாக்கினார்கள். கடை திறந்திருந்தது, எல்லை தாண்டி வருகிற கூட்டம் இல்லை. எங்கள் சரக்கின் ருசிக்காக யாரும் வரவில்லை என்பது அன்றைக்குத் தெரிந்துபோயிற்று.

ஆலைகளை வரவழைத்ததும் இதே உத்திதான். தொண்ணூறுகளில் வருமான வரிச் சலுகையும் குறைந்த விற்பனை வரியும் காட்டி அழைத்தோம். திருபுவனையில் வேர்ல்பூல் வந்தது, வடமங்கலத்தில் இந்துஸ்தான் லீவர் வந்தது. கிராமத்துப் பிள்ளைகள் சீருடை போட்டு ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தத் துருப்புச் சீட்டு கையைவிட்டுப் போய்விட்டது. பொருள் எங்கே செய்யப்படுகிறது என்பதல்ல, எங்கே விற்கப்படுகிறது என்பதே இப்போது கணக்கு. திருபுவனையில் செய்த வாஷிங் மெஷின் சென்னையில் விற்றால் மாநிலப் பங்கு வரி தமிழ்நாட்டுக்குப் போகும். பன்னிரண்டு லட்சம் பேர் எவ்வளவு வாங்கிவிட முடியும்? இழப்பீடு என்று ஐந்து வருஷம் தந்தார்கள்; 2022 ஜூனோடு அதுவும் முடிந்தது.

இங்கேதான் டெல்லிமேல் எனக்கு உண்மையான கோபம். ஜி.எஸ்.டி. என்றால் புதுச்சேரியை மாநிலமாகக் கணக்கில் எடுக்கிறார்கள். 2007 டிசம்பரில் பொதுக் கணக்கைப் பிரித்துக் கொடுத்து, மாநிலத்தைப் போலக் கடைத்தெருவில் கடன் வாங்கிக்கொள் என்றார்கள். மத்திய நிதிக் குழு வரிப் பங்கைப் பரிமாறும் பந்தியில் மட்டும், நீ யூனியன் பிரதேசம், எழுந்திரு என்கிறார்கள். கடனில் மாநிலம், பங்கில் பிரதேசம். 2024–25இன் பட்ஜெட் 12,700 கோடி ரூபாய். சம்பளம், ஓய்வூதியம், கடனும் வட்டியும், வெளியிலிருந்து மின்சாரம் வாங்கும் செலவு ஆகிய நான்கைக் கழித்தால் பாதிக்கும் குறைவாகத்தான் மிஞ்சுகிறது. அந்த ஓய்வூதியத்தில் என்னுடையதும் உண்டு, மறைப்பானேன்.

அதிகாரமும் அரைகுறை. 1963இன் யூனியன் பிரதேசச் சட்டப்படி மத்திய அரசு மூன்று பேரை எம்.எல்.ஏ.வாக நியமிக்கலாம். மாநில அமைச்சரவையைக் கேட்க வேண்டியதில்லை, அவர்களுக்கு ஓட்டும் உண்டு என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2021 பிப்ரவரியில் எம்.எல்.ஏ.க்கள் ராஜினாமா செய்து நாராயணசாமி அரசு ஆட்டம் கண்டபோது ஆளுந்தரப்பில் 12, எதிர்த்தரப்பில் 14. அந்த 14இல் 3 பேர் ஒரு ஓட்டும் வாங்காமல் பேரவைக்கு வந்தவர்கள். அரசு கவிழ்ந்தது. அதற்கு முந்தைய நான்கரை வருஷமும் முதலமைச்சருக்கும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் நடந்த சண்டை நாட்டுக்கே தெரியும். 2019இல் முதலமைச்சர் கறுப்புச் சட்டையோடு ராஜ்நிவாஸ் வாசலில் தெருவில் படுத்தார்.

அந்தச் சண்டையின் கணக்கு எங்கள் தெருவுக்கு ரேஷன் அரிசியாக வந்து சேர்ந்தது. சிவப்பு கார்டுக்கு 20 கிலோ, மஞ்சள் கார்டுக்கு 10 கிலோ இலவச அரிசி. அரிசியாகவே கொடுப்போம் என்றது அமைச்சரவை. பணமாக வங்கியில் போடுங்கள் என்றார் ஆளுநர். டெல்லி ஆளுநர் பக்கம் நின்றது. மாதம் 600 ரூபாய், 300 ரூபாய் என்று கணக்கில் ஏறியது, ரேஷன் கடைகள் மூடின. எங்கள் தெரு அண்ணிக்கு அந்த 600 ரூபாய் வந்தது வீட்டுக்காரர் பாஸ்புக்கில். அது எந்தக் கடைக்குப் போயிருக்கும் என்பதை மேலே சொன்ன கலால் கணக்கிலிருந்து நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். 2024 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கூட்டணி அடி வாங்கிய பிறகுதான், தீபாவளியை ஒட்டிக் கடைகள் மறுபடி திறந்தன.

ஆகவே கேட்பதில் நியாயம் இருக்கிறது. கோவாவும் ஒருகாலத்தில் இதே 1963 சட்டத்தின் கீழ் இருந்த பிரதேசம்தான். 1987 மே 30 அன்று மாநிலமாயிற்று. 2011இல் அதன் மக்கள்தொகை 14.58 லட்சம், எங்களைவிட இரண்டு லட்சம் அதிகம், அவ்வளவே. நிலம் மட்டும் ஏழு மடங்குக்கு மேல், அதுவும் ஒரே துண்டாக. எங்களுக்கோ ஒரு துண்டு கேரளத்தில், ஒன்று ஆந்திரத்தில். சொந்தமாகப் பள்ளிக் கல்வி வாரியம்கூட வைத்துக்கொள்ளாமல் மூன்று மாநிலங்களின் பாடத்தை இரவல் வாங்கி நடத்தினோம். இப்போது அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. ஆனால் கோவாவில் பஞ்சாயத்துத் தேர்தல் நடக்கிறது.

புதுச்சேரியில் 1968இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2006இல். நடுவில் 38 வருஷம். அதுவும் கோர்ட் விரட்டிய பிறகு. 2011இல் அந்தப் பதவிக்காலம் முடிந்தது. பிறகு ஒன்றுமில்லை. 2021இல் தேதி அறிவித்தார்கள். இடஒதுக்கீட்டு வழக்கில் நின்றது. ஐந்து நகராட்சி, பத்து கொம்யூன் பஞ்சாயத்து, எல்லாவற்றையும் ஆணையர்கள் நடத்துகிறார்கள். டெல்லி அனுப்பிய ஆளுநர் எங்களை ஆளக்கூடாது என்று கத்துகிற நாங்கள், தலைமைச் செயலகம் அனுப்பிய ஆணையர் எங்கள் ஊரை ஆளுவதைப் பற்றி மூச்சுவிடுவதில்லை.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. வார்டுக்கு ஒரு கவுன்சிலர் வந்துவிட்டால் தெருவிளக்குக்காக யாரும் எம்.எல்.ஏ. வாசலுக்கு வரமாட்டார்கள். முப்பதாயிரம் ஓட்டுக்காரருக்கு இரண்டாயிரம் ஓட்டுக்காரர் போட்டி. தொகுதி பெரிதாக இருக்கிற மாநிலங்களில் எம்.எல்.ஏ.வுக்குச் சாக்கடை பார்க்க நேரமில்லை, விட்டுவிடுவார். இங்கே சாக்கடைதான் அவருக்கு அரசியல். சட்டப்பேரவை ஒருசில நாள் கூடிக் கலைவதற்கும், பட்ஜெட் விவாதத்தில் பாதி நேரம் வாய்க்கால் தூர்வாரலுக்குப் போவதற்கும் இதுவே காரணம். நெசவாலை ஏன் மூடியது, ஜி.எஸ்.டி.க்குப் பின் என்ன வழி என்று யோசிக்க வேண்டிய முப்பது பேரும் முப்பது பெரிய கவுன்சிலர்களாக இருக்கிறார்கள்.

ஏனாமில் நான் வேலை பார்த்தபோது இதன் இன்னொரு கோடியைப் பார்த்தேன். எங்கள் துறைகளில் "ஏனாமுக்குத் தூக்கிடுவேன்" என்பதுதான் பெரிய மிரட்டல். காக்கிநாடா பக்கம் கோதாவரிக் கரையில், 30 சதுர கிலோமீட்டர் ஊர். தெலுங்கில் பேசி, இங்கிலீஷில் நோட்டு எழுதி, 800 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற புதுச்சேரிக்குக் கோப்பு அனுப்ப வேண்டும். ஒரு கட்டடத்தின் கூரை ஒழுகியது. மழைக்கு முன்னால் போன எஸ்டிமேட் மழை முடிந்து, "விலைப்பட்டியல் பழையது, புதுப்பித்து அனுப்பவும்" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அந்த ஊருக்குப் புதுச்சேரிதான் டெல்லி.

எங்கள் முன்னோர் இப்படி இல்லை. பிரெஞ்சுக்காரன் 1880இலேயே கொம்யூன்களை அமைத்து மேயர்களை வைத்துவிட்டான். அந்தக் காலத் தேர்தல்களில் அடிதடியும் கள்ள ஓட்டும் பேர்போனவை, அதை மறைக்கவில்லை. ஆனாலும் 1954இல் இந்தியாவோடு சேர்வதா என்ற கேள்வி வந்தபோது முதலில் தீர்மானம் போட்டவை நகராட்சி மன்றங்கள்தான். அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடி ஓட்டுப் போட்ட 178 பேரும் பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. வருஷா வருஷம் ஆகஸ்ட் 16 அன்று கீழூர் நினைவிடத்தில் கொடி ஏற்றி அவர்களுக்கு மாலை போடுகிறோம். கடற்கரையில் 2014 மழையில் இடிந்து விழுந்த மேரி கட்டடத்தை, மேயர் உட்கார்ந்த கட்டடத்தை, பழைய அச்சிலேயே அழகாகக் கட்டி 2021இல் திறந்தாயிற்று. உட்காரத்தான் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் இல்லை.

மாநில அந்தஸ்து டெல்லி கையில் இருக்கிறது. நாடாளுமன்றம், அரசமைப்புச் சட்டம், கடன் தள்ளுபடி என்று அதற்கு ஆயிரம் படி. உள்ளாட்சித் தேர்தலுக்கு அவ்வளவு இல்லை. இடஒதுக்கீட்டுக் கணக்கை ஒழுங்காக எடுத்து, வார்டு வரையறையை முடித்து, கோர்ட்டில் போய் உறுதியாக நின்றால் போதும். இது புதுச்சேரி அரசே செய்யக்கூடிய வேலை. அடுத்த முறை அனைத்துக் கட்சிக் குழு தீர்மானத்தை எடுத்துக்கொண்டு உள்துறை அமைச்சகத்துக்குப் போகும்போது, அங்கே ஒரு இணைச் செயலாளர் பைலிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்கக்கூடும்: உங்கள் ஊரில் கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் எப்போது நடந்தது? 2006 என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் என்று கேட்டால், 1968.