ஜோடி சேர்ந்தால் போதுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல் மாணவன்)

எங்கள் தாத்தா ஏர் மாடு வாங்கச் சந்தைக்குப் போனால், வீட்டில் நிற்கும் மாட்டின் உயரம், நடை, வயது எல்லாவற்றையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் அதற்கு ஜோடி தேடுவாராம். நெட்டையையும் குட்டையையும் ஒரே நுகத்தடியில் பூட்டினால் இரண்டும் வீண் என்பாராம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். கணிப்பொறிகளை இணைக்கும் ஸ்விட்சைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த நுகத்தடிதான் நினைவுக்கு வந்தது.

ஓர் அலுவலகம் முழுவதும் ஒரே ஸ்விட்சை நம்பியிருந்தால், அது நின்றதும் வேலையும் நின்றுவிடும். ஆகவே இரண்டு வைக்கிறார்கள். ஆனால் அவற்றை வெறுமனே இரண்டு கேபிள்களால் பிணைத்தால் புதுத் தொல்லை பிறக்கும். எல்லோருக்குமாக அனுப்பிய செய்தி, தடுப்பாரின்றி இரண்டுக்கும் நடுவே சுற்றிச் சுற்றி வந்து வலையமைப்பையே முடக்கிவிடும். 1985-இல் ராடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் இதற்கு வழி கண்டார். ஸ்பானிங் ட்ரீ என்று பெயர். ஒரு பாதையைத் திறந்துவைத்து மற்றதை அடைப்பது. திறந்தது கெட்டால் அடைத்ததைத் திறப்பது. அருமையான யோசனைதான். என்றாலும் காசு கொடுத்துப் போட்ட கேபிள் ஒன்று சும்மா கிடக்கிறதே!

பின்னாளில் இரண்டு ஸ்விட்சுகளையும் ஒன்றுபோல் இயங்கச் செய்து, இரு பாதைகளிலும் வேலை வாங்கும் முறை வந்தது. இங்கேதான் தாத்தாவின் கணக்கு வேண்டியிருக்கிறது. சிஸ்கோ நிறுவனத்தின் நெக்சஸ் ஸ்விட்சுகளை இவ்வாறு ஜோடி சேர்க்க இரண்டும் ஒரே வகையாக இருக்கவேண்டும். முக்கியமான அமைப்புகள் சில பொருந்தாவிட்டால் கூட்டு இணைப்புகளே நிறுத்தப்பட்டுவிடும். மலிவாகக் கிடைத்ததென்று இரண்டாவதாக வேறொரு மாடலை வாங்கி வைப்பது சிக்கனம் ஆகாது.

கருவிகள் ஒத்திருக்கட்டும், பாதைகள் ஒத்திருக்கவே கூடாது என்பது என் கட்சி. சென்ற விடுமுறையில் கேபிள் இழுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கூலிக்குப் போனேன். ஓரிடத்தில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இரண்டு கேபிள்கள் போட்டிருந்தார்கள், இரண்டும் ஒரே குழாயில்! சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிய இயந்திரம் இரண்டையும் ஒரே இழுப்பில் அறுத்துவிட்டது. 'இரண்டு இருக்கிறதே' என்று அதுவரை எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

ஜோடி ஸ்விட்சுகளில் இதைவிட மோசமாகவும் நடக்கலாம். அவை தமக்குள் தகவல் மாற்றிக்கொள்ள ஓர் இணைப்பு உண்டு. 'நீ உயிரோடிருக்கிறாயா?' என்று கேட்டுக்கொள்ள இன்னொன்றும் உண்டு. முதலாவது அறுந்தாலும் இரண்டாவது இருந்தால், துணை ஸ்விட்ச் தன் கூட்டு இணைப்புகளை மூடி ஒதுங்கிக்கொள்ளும். இரண்டும் ஒருசேர அறுந்தாலோ, மற்றது மாண்டதென்று எண்ணி ஒவ்வொன்றும் தானே தலைவன் என்று கிளம்பிவிடும். ஒரு வீட்டில் இரண்டு நாட்டாண்மை!

இதையெல்லாம் நாம் ஐந்து மதிப்பெண் விடையாக மனப்பாடம் செய்கிறோம். நாளை இதே வேலைக்குப் போகப்போகிறவர்கள் நம்மில் பலர். ஆசிரியப் பெருமக்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான். செய்முறை வகுப்பில் எங்களை இரண்டு ஸ்விட்சுகளை இணைக்கச் சொல்லுங்கள். பிறகு முன்னறிவிப்பின்றி நீங்களே வந்து ஒரு கேபிளைப் பிடுங்குங்கள். வலையமைப்பு நின்றுபோனால் மதிப்பெண்ணைக் குறையுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.