ஜூஜூவாடி கேட் எங்கே போனது?

ஓசூர் வழியாக பெங்களூரு போகிறவர்களுக்கு ஜூஜூவாடியைத் தெரியும். தமிழ்நாடு முடிகிற இடம். 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் அங்கிருந்த வணிகவரிச் சோதனைச்சாவடி மூடப்பட்டது. 'ஒரே நாடு, ஒரே வரி, இனி லாரிகள் நிற்காது' என்று மேளம் கொட்டினார்கள். கொட்டட்டும், தப்பில்லை. அந்த கேட்டில் கால்கடுக்க நின்ற டிரைவர்களைக் கேட்டால் அந்த மேளத்தின் அருமை புரியும்.

என் கேள்வி வேறு. கேட் நிஜமாகவே போய்விட்டதா? போகவில்லை சார், இடம் மாறியிருக்கிறது. ரோட்டிலிருந்து பிடுங்கி கேபிளுக்குள் நட்டுவிட்டார்கள்.

ஓசூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன். ஆனால் இந்த ஊரில் பாதி வேலை ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்களில் நடக்கிறது. நாலு லேத், ரெண்டு சி.என்.சி. மெஷின், எட்டுப் பத்து பேர். ஒருத்தர் கடைந்து தருவார், இன்னொருத்தர் துளை போடுவார், ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கும் பிளேட்டிங்குக்கும் வேறு இடம் போகும். அந்த 'வேறு இடம்' பல நேரம் பொம்மசந்திராவிலோ ஜிகணியிலோ இருக்கும். குட்டி யானையில் ஏற்றினால் கூப்பிடு தூரம்தான். ஆனால் நடுவில் மாநில எல்லை!

இங்கேதான் சட்டம் வேடிக்கை காட்டுகிறது. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய் வரையிலான சரக்குக்கு இ-வே பில் வேண்டாம். ஓசூரிலிருந்து கன்னியாகுமரிக்கு 90 ஆயிரம் ரூபாய் சரக்கை ஏற்றி, மாநிலத்தின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு நிம்மதியாக அனுப்பலாம். ஆனால் அத்திப்பள்ளிக்கு 900 ரூபாய் சரக்கை ஜாப் ஒர்க்குக்கு அனுப்பினாலும் இ-வே பில் கட்டாயம். மாநிலம் விட்டு மாநிலம் போகிற சாதாரண சரக்குக்காவது 50 ஆயிரம் ரூபாய் என்று ஒரு வரம்பு இருக்கிறது. ஜாப் ஒர்க்குக்கு அந்த வரம்பும் கிடையாது. மாட்டினால் வண்டியும் சரக்கும் நிற்கும், வரியைப் போல ரெண்டு மடங்கு அபராதம்.

சரி, சட்டம் சட்டம்தான், பில் போட்டுவிட்டுப் போகலாம். எங்கே போடுவது? இன்டர்நெட்டில். முதல் தடவை 2018 பிப்ரவரி 1-ம் தேதி ஆரம்பித்தபோது, அன்றைக்கே சர்வர் படுத்து, தேதியைத் தள்ளிப்போட்டு, ஏப்ரல் 1-ல்தான் மாநிலங்களுக்கிடையிலான பில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் சின்ன ஆள், பெரிய ஆள் எல்லோருக்கும் லாகின் செய்யவே ஓ.டி.பி. தேவை. ஆக, நெட்டும் வேண்டும், கையில் செல்போனும் வேண்டும்.

பி.காம். படித்தவன் எனக்கு நெட்வொர்க் சமாசாரத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பில் என்று வந்துவிட்டதால் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த பில் எந்த வழியாகப் போய்வருகிறது என்று கொஞ்சம் பார்ப்போம், வாருங்கள்.

நீங்கள் பட்டனைத் தட்டியதும் உங்கள் விவரங்கள் துண்டு துண்டாக நறுக்கப்படுகின்றன. ஒரு துண்டுக்குப் பேர் பாக்கெட். ஏறக்குறைய 1,500 பைட், அதாவது அரைப் பக்க இங்கிலீஷ். ஒவ்வொரு துண்டின் தலையிலும் போகவேண்டிய விலாசம் எழுதியிருக்கும். ஷெட் சுவரில் மினுக்குகிற ரவுட்டரிலிருந்து கிளம்பி, ஒயர் வழியாக ஏரியா எக்ஸ்சேஞ்ச், அங்கிருந்து நெடுஞ்சாலை ஓரம் புதைத்த கண்ணாடி நூல், பிறகு கம்பெனியின் பெரிய ஜங்ஷன். அங்கே உங்கள் கம்பெனி இன்னொரு கம்பெனியோடு கைகோத்து, கடைசியில் என்.ஐ.சி. சர்வர். பதிலும் இதே மாதிரி துண்டுகளாகத் திரும்பி வருகிறது. மொத்தமும் கண் இமைக்கும் நேரத்துக்குள்.

இந்தத் துண்டு போடுகிற யோசனை 1960-களில் அமெரிக்காவில் பால் பேரன் என்பவர் எழுதிவைத்தது. அணுகுண்டு விழுந்து பாதி லைன் நாசமானாலும் மீதி லைன் வழியாகச் செய்தி போய்ச் சேரவேண்டும் என்பது கணக்கு. ஒரு வழி அடைத்தால் மறு வழி. 1969 அக்டோபர் 29-ம் தேதி இன்டர்நெட்டின் தாத்தாவான ஆர்ப்பாநெட்டில் முதல் செய்தி போனது. 'லாகின்' என்று அடிக்க ஆரம்பித்து, ரெண்டு எழுத்து போனதும் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. (இ-வே பில் பக்கத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதை நினைத்து ஆறுதல் அடையலாம்.)

ஆனால் அந்த யோசனை ஜெயித்தது. 2008 ஜனவரி கடைசியில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா பக்கம் கடலடி கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவின் நெட் திணறியது, ஆனால் செத்துப்போகவில்லை. மேற்கே போகிற துண்டுகளைக் கிழக்கே சிங்கப்பூர் பக்கம் திருப்பி விட்டார்கள். அதற்குத்தான் மாற்று வழி வேண்டும் என்பது.

இப்போது ஓசூர் ஷெட்டுக்கு வாருங்கள். கடலுக்கடியில் மாற்று வழி இருக்கிறது, ஊருக்கு ஊர் மாற்று வழி இருக்கிறது, சர்வருக்குப் பக்கத்து சர்வர் இருக்கிறது. உங்கள் தெருவுக்கு? ஒரே ஒயர். அதுவும் ஈ.பி. கம்பத்தில் தொங்கிக்கொண்டு. உலகத்தையே தாங்குகிற வலை, உங்கள் வாசலுக்கு வரும்போது ஒற்றைக் கயிறாகிவிடுகிறது. குழாய்க்குப் பள்ளம் தோண்டுகிற ஜே.சி.பி. ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது கதை. பால் பேரன் அணுகுண்டுக்குத் தப்புகிற வலையைப் போட்டார். ஜே.சி.பி.க்குத் தப்புகிற வலையை இங்கே யாரும் போடவில்லை.

"ரெண்டு கம்பெனி கனெக்‌ஷன் வாங்கி வெச்சுக்கங்க" என்பார்கள். ரெண்டு பில் கட்டுவோம். ரெண்டு ஒயரும் அதே கம்பத்தில்தானே தொங்குகிறது? "போன்ல ஹாட்ஸ்பாட் போடுங்க", "எஸ்.எம்.எஸ்.லயே பில் போடலாமே" என்றும் புத்தி சொல்வார்கள். உண்மைதான், எஸ்.எம்.எஸ். வசதி இருக்கிறது. ஆனால் செல் டவர் ஒன்றும் ஆகாயத்திலிருந்து சிக்னலைக் கறப்பதில்லை. அதன் காலடியிலும் ஒரு கேபிள் வருகிறது. இல்லாவிட்டால் பக்கத்து டவரைப் பார்த்து ஒரு டிஷ், அந்த டவர் காலடியில் கேபிள். மெயின் கேபிளே போச்சு என்றால் டவர் வெறும் இரும்பு.

நாடு முழுக்க இப்படிக் கண்டபடி தோண்டுவதால் வருஷத்துக்கு சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று சொன்னது நானில்லை, மத்திய அரசு. 2023 மார்ச்சில் 'தோண்டும் முன் சொல்லுங்கள்' என்று அதற்கு ஒரு ஆப் கூட வெளியிட்டார்கள். அந்த ஆப்பும் இன்டர்நெட்டில்தான் ஓடுகிறது என்பதை விட்டுவிடுவோம்.

நெட் போனால் யார் பொறுப்பு? டிராய் 2024-ல் புது தர விதிகளைக் கொண்டுவந்தது. செல்போன் சேவை ஒரு மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனால்தான் நஷ்ட ஈடு. ஒயர் கனெக்‌ஷன் என்றால் 3 நாளைக்கு மேல் சரி செய்யாவிட்டால் வாடகையில் தள்ளுபடி. கணக்குப் போடுங்கள். மாசம் 600 ரூபாய் பிளான் என்றால், மாசம் முழுக்கத் தள்ளுபடி கொடுத்தாலும் கிடைப்பது 600. ஷெட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் ஒரு நாள் கூலிக்குக் காணாது. நேரத்துக்கு சரக்கு வரவில்லை என்று பெரிய கம்பெனி ஆர்டரைப் பக்கத்து ஷெட்டுக்கு மாற்றினால் அது எந்த விதியில் வருகிறது?

பில் போடத் தவறினால் ரெண்டு மடங்கு அபராதம் போடுகிற அரசு, பில் போடும் வழி அடைபட்டால் 'அது உனக்கும் உன் கம்பெனிக்கும் உள்ள விவகாரம்' என்று ஒதுங்கிக்கொள்கிறது. பழைய ஜூஜூவாடி கேட்டில் லஞ்சம் உண்டு, தூசி உண்டு, காத்திருப்பு உண்டு. ஆனால் அங்கே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். சண்டை போடலாம், கெஞ்சலாம், மேலதிகாரிக்கு எழுதலாம். இந்த கேட் மூடினால் யாரிடம் போய்க் கத்துவது? ரவுட்டரிடமா?

2020 ஜனவரி 10-ம் தேதி, காஷ்மீர் வழக்கில், இன்டர்நெட் வழியாகத் தொழில் செய்வது அரசியல் சட்டம் காக்கும் சுதந்திரம் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. அரசு உத்தரவு போட்டு நெட்டை நிறுத்திய வழக்கு அது. ஓசூரில் யாரும் உத்தரவு போடுவதில்லை. ஜே.சி.பி.க்கு உத்தரவு தேவையும் இல்லை.

ஓசூருக்கு 2024-ல் 2,000 ஏக்கர் விமான நிலையம் அறிவித்தார்கள். 2025 பட்ஜெட்டில் டைடல் பார்க் அறிவித்தார்கள். வரட்டும், சந்தோஷம். சிப்காட் ஆரம்பித்தபோது மனையோடு ரோடும் தண்ணீரும் சேர்த்துத் தந்த மாதிரி, இப்போது ஒவ்வொரு தெருவுக்கும் தரைக்கடியில் ஒரு பொதுக் குழாய் போடுங்கள். எந்தக் கம்பெனியும் வாடகை கொடுத்து அதில் தன் கேபிளை விடட்டும். அப்படி ரெண்டு குழாய், ரெண்டு திசையிலிருந்து. இது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, பள்ளம் தோண்டுகிற வேலை. அதில் நமக்கு நல்ல பழக்கம் உண்டு.

அதுவரைக்கும் ஒரு சின்ன ஏற்பாடு போதும். ஏரியாவில் நெட் அறுந்த நேரத்தை எக்ஸ்சேஞ்ச் எழுதித் தரட்டும். அந்த நேரத்தில் கிளம்பிய ஜாப் ஒர்க் வண்டிக்கு பேப்பர் சலானே போதும், பில்லை நெட் வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு சுற்றறிக்கை. ரெண்டு பக்கம் கூட வராது. சென்னையிலும் டெல்லியிலும் அதை டைப் அடிக்க ஆள் இல்லையென்றால், ஓசூர் ஷெட்களில் இருந்து யாராவது அடித்து அனுப்புவார்கள். நெட் இருந்தால்.