சுவிட்சை அணைத்தார்கள், சக்கரம்தான் அசையவில்லை

"மிஷின்ல ஒரு குத்தமும் இல்ல வே. ஓட்டத் தெரியாதவனுவ ஓட்டினா விழத்தான செய்யும்?" மகனை துபாய்க்கு அனுப்பிவிட்டுத் திருவனந்தபுரத்திலிருந்து திரும்பியவர், வடசேரி டீக்கடையில் போயிங் 737 மேக்ஸ் பற்றிச் சொன்னது இது. அவரை மட்டும் சொல்வானேன்? அமெரிக்காவில் பயின்ற விமானிகள் சமாளித்திருப்பார்கள் என்று அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் சாம் கிரேவ்ஸே 2019-இல் பேசினார்.

தெரியாதவர்களா? 2018 அக்டோபர் 29 அன்று ஜாவா கடலில் விழுந்த லயன் ஏர் விமானத்தின் கேப்டன் பவ்யே சுனேஜா தில்லிக்காரர். 6,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். ஒரே ஒரு உணரியின் தப்புக் கணக்கை நம்பி எம்காஸ் மென்பொருள் மூக்கைக் கீழே அழுத்திக்கொண்டே இருக்க, 20 தடவைக்கு மேல் மேலே தூக்கியிருக்கிறார்கள். எதோடு மல்லுக்கட்டுகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. கையேடு அதை விளக்கவில்லை. முந்தின இரவு இதே விமானத்தை வேறு விமானிகள் பத்திரமாக இறக்கினார்களே என்பார்கள். அன்று காக்பிட்டில் உதவிக்கு மூன்றாவது விமானி ஒருவர் இருந்தார்.

அடுத்த வாதம்: நவம்பர் 7-ஆம் தேதியே அமெரிக்க விமானத் துறை அவசர உத்தரவு போட்டுவிட்டதே? போட்டது. வால் இறக்கை தானாகத் திரும்பினால் அதற்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டு சுவிட்சையும் அணைத்துவிட்டுக் கையால் சரிசெய் என்றது. எம்காஸ் என்ற பேரே அதில் இல்லை.

2019 மார்ச் 10, எத்தியோப்பியாவில் இன்னொரு மேக்ஸ் விழுந்தது. அங்கே சுவிட்சை அணைக்கத்தான் செய்தார்கள். விமானியின் முழங்கால் பக்கத்தில் தையல் மிஷின் சக்கரம் மாதிரி, மடக்குப் பிடியோடு ஒரு கறுப்புச் சக்கரம் உண்டு. அதைச் சுற்றினால் வால் இறக்கை திரும்பும். ஆனால் பாய்ந்த வேகத்தில் காற்று அழுத்த, சக்கரம் அசையவில்லை. வேறு வழி தெரியாமல் மறுபடி மின்சாரம் கொடுத்தார்கள். எம்காஸ் திரும்ப அழுத்தியது. 157 பேர் இறந்தார்கள். வேகத்தைக் குறைக்காதது விமானிகளின் பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் திருத்தாமல் விட்டால் இந்த ரகம் அதன் ஆயுளில் இன்னும் 15 தடவை விழலாம் என்று 2018 டிசம்பரிலேயே கணக்குப் போட்டுவிட்டுப் பறக்கவிட்டது யார்? அதே விமானத் துறை.

மிஷினில் குற்றமில்லை என்றால் அந்தத் துறையின் 2020 நவம்பர் உத்தரவு எதற்கு? இரண்டு உணரிகளையும் ஒப்பிடு, எம்காஸ் ஒரு தடவைதான் அழுத்தலாம், விமானிக்குச் சிமுலேட்டர் பயிற்சி கொடு என்றது அது. இந்தியா 2019 மார்ச்சில் நிறுத்திய மேக்ஸை 2021 ஆகஸ்ட் 26 அன்றுதான், இந்தத் திருத்தங்களுக்குப் பிறகு, மறுபடி பறக்கவிட்டது.