கொக்கியில் தொங்கும் பொறுப்பு

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபேட்டை நோக்கிச் செல்லும் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில், பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டி அமைந்திருக்கிறது திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாள் கோயிலால் வைணவ உலகம் அறிந்த ஊர். வயலும் ஏரியும் சூழ்ந்த இத்தகைய ஊர்களின் டிராக்டர்கள், வைக்கோல் கட்டுகளையும் செங்கல்லையும் நெல் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையைத் தொட்டோ கடந்தோதான் செல்ல வேண்டியிருக்கிறது. வீடு கட்டும் இடத்திற்குக் கான்கிரீட் கலவை எந்திரத்தைக் கட்டி இழுத்துச் செல்லும் சிறிய சரக்கு வண்டிகளும் இதே சாலையில்தான் செல்கின்றன. மணிக்கு 80 கி.மீ., 100 கி.மீ. வேகத்தில் விரையும் வாகனங்களுக்கு முன்னால், அதில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் இவை ஊர்கின்றன.

இழுக்கும் வண்டிக்கும் இழுபடும் வண்டிக்கும் இடையே இருப்பது ஒரு கொக்கியும் ஒரு பின்னும் மட்டுமே. கையளவே உள்ள அந்த இரும்பைப் பற்றி நாம் பேசுவதில்லை. ஆனால், பொறுப்பு என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற பொருளாதாரக் கேள்விக்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

முதலில் உரிமையாளரின் கவலையைப் பார்ப்போம். கலவை எந்திரத்தைக் கொக்கியில் மாட்டிய நிலையிலேயே சிமென்ட் மூட்டையை இறக்குவதற்காகச் சரக்கு வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டால், அது கீழே மடங்கி எந்திரத்தின் இழுவைத் தண்டின் மீதோ, அதைத் தாங்கும் முட்டுக்காலின் மீதோ மோதி நசுங்குகிறது. குறுகிய தெருவில் பின்னோக்கி எடுக்கும்போது அளவுக்கு மீறித் திருப்பினால், இழுபடும் வண்டியின் முன்மூலை இழுக்கும் வண்டியின் பின்விளக்கையும் கதவையும் குத்திவிடுகிறது. டிராக்டரில் இதே தவறு நேர்ந்தால், டிரெய்லரின் இழுவைத் தண்டு பெரிய பின்சக்கரத்தில் உரசி டயரைக் கிழிக்கிறது, மட்கார்டை வளைக்கிறது.

இவற்றைத் தவிர்க்கும் வழிகள் எளியவை. பின்கதவைத் திறக்கும் முன் இழுபடும் வண்டியைக் கழற்றிவிட வேண்டும். கதவு முழுதாக மடங்கினாலும் இடிக்காத அளவுக்கு இழுவைத் தண்டின் நீளம் இருக்க வேண்டும். முட்டுக்காலை மடக்கியோ பக்கவாட்டில் திருப்பியோ வைக்க வேண்டும். பின்னோக்கி எடுக்கும்போது ஓர் ஆள் இறங்கி நின்று வழி சொல்ல வேண்டும். அனுபவமுள்ள ஓட்டுநர்கள் பெரும்பாலும் இவற்றைச் செய்கிறார்கள். காரணம் வெளிப்படையானது. கதவு நசுங்கினால் டிங்கரிங் செலவும் ஒரு நாள் வாடகை இழப்பும் உரிமையாளரின் சட்டைப்பையிலிருந்தே போகின்றன.

இதே கொக்கியின் மறுபக்கம் வேறு கதை. முறையான பின் தொலைந்துபோனால், கட்டடக் கம்பியின் ஒரு துண்டைச் செருகி ஓட்டுவது கிராமப்புறங்களில் சாதாரணக் காட்சி. பின் மேலெழும்பாமல் தடுக்கும் சிறிய பூட்டுக்கம்பி பல வண்டிகளில் இல்லை. தேய்ந்து அகன்றுபோன துளையில் பின் ஆடுகிறது. ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தால் அது கழன்று விழக்கூடும். பாரத்துடன் கழன்ற டிரெய்லர் எங்கே போய் நிற்கும் என்பதை யாரும் தீர்மானிக்க முடியாது. இரவில் டிரெய்லரின் பின்புறம் விளக்கோ பிரதிபலிக்கும் சிவப்புப் பட்டையோ இல்லாமல் இருட்டோடு இருட்டாக நகர்கிறது. இந்தக் குறைகளால் நேரும் இழப்பு பெரும்பாலும் உரிமையாளரைச் சேர்வதில்லை. அது பின்னால் இருசக்கர வாகனத்தில் வரும் தொழிலாளியையும், டிரெய்லரின் மேல் அமர்ந்து செல்லும் கூலி ஆள்களையும் சேர்கிறது.

ஒருவரின் செயலால் நேரும் செலவை வேறொருவர் சுமப்பதைப் பொருளியலில் புறவிளைவு என்பர். 1920-இல் வெளியான பிகுவின் நலப் பொருளியல் நூலிலிருந்து இக்கருத்து வேரூன்றியது. விபத்தைக் குறைந்த செலவில் தவிர்க்க வல்லவர் எவரோ, அவர் மீதே பொறுப்பை வைக்க வேண்டும் என்று 1970-இல் வாதிட்டார் சட்டப் பொருளியல் அறிஞர் குய்டோ கலப்ரேசி. இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் விடை எளிது. பின்னால் வருபவர் இருட்டில் விளக்கில்லாத டிரெய்லரைக் கண்டறிய எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் போதாது. உரிமையாளருக்கோ பூட்டுடன் கூடிய ஒரு பின், ஒரு சங்கிலி, சில அடி ஒளிரும் பட்டை ஆகியவை போதும். அவற்றின் விலை டிராக்டரின் ஒரு நாள் வாடகையைத் தாண்டாது.

அப்படியிருந்தும் அந்தச் சிறு செலவு செய்யப்படாததற்கு அலட்சியம் மட்டுமே காரணம் அன்று. இணைப்பு எவருடைய பொறுப்பும் ஆகாதபடி நம் ஏற்பாடுகள் அமைந்திருக்கின்றன.

டிராக்டர் பெரிய தொழிற்சாலையில் உருவாகிறது. மத்திய பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசின் வேளாண் இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையத்தில் டிராக்டர் மாதிரிகள் சோதிக்கப்படுகின்றன. டிரெய்லரோ பெரும்பாலும் அருகிலுள்ள சிறுநகரத்தின் பட்டறையில் பற்றவைக்கப்படுகிறது. இரண்டும் முதன்முதலாகச் சந்திப்பது உரிமையாளரின் களத்தில். ஒன்றின் கொக்கி உயரமும் மற்றதன் வளைய உயரமும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் பொறியாளர் அங்கே இல்லை.

சட்டத்தைப் பார்ப்போம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், தான் பாரம் சுமக்கும்படி அமைக்கப்படாத வாகனம் என்றே டிராக்டரை வரையறுக்கிறது. டிரெய்லர் தனி வாகனம். ஆயினும் அச்சட்டத்தின் 61-ஆவது பிரிவு, டிரெய்லருக்கு உரிய பதிவெண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும் என்பதோடு, இழுக்கும் வண்டியின் பதிவெண்ணும் கடைசி டிரெய்லரில் காணப்பட வேண்டும் என்கிறது. பின்புறப் பிரதிபலிப்பான்களை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் வலியுறுத்துகின்றன. அதாவது, இரண்டு வண்டிகளும் சாலையில் ஒன்றே என்பதைச் சட்டம் ஏற்கெனவே உணர்ந்திருக்கிறது. நடைமுறைதான் உணரவில்லை.

காப்பீட்டில் இந்தப் பிளவு இன்னும் கசப்பானது. செங்கல் சூளைக்கு மண் ஏற்றிச் சென்ற டிராக்டரின் டிரெய்லரிலிருந்து விழுந்து காயமடைந்த ஒரு தொழிலாளியின் வழக்கு 2007-இல் உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. டிராக்டர் வேளாண் பணிக்கு மட்டுமே காப்பீடு செய்யப்பட்டிருந்தது. டிரெய்லருக்குக் காப்பீடே இல்லை. எனவே காப்பீட்டு நிறுவனத்திற்குப் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் கூறியது. ஆனாலும் அத்தொழிலாளியின் ஏழ்மையைக் கருதி, அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆவது பிரிவின்கீழ், நிறுவனம் முதலில் இழப்பீட்டைச் செலுத்திவிட்டு, பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டது. அந்தத் தொழிலாளிக்குக் கிடைத்தது நீதிமன்றத்தின் தனிப்பரிவு. அதை எல்லோரும் உரிமையாக எதிர்பார்க்க இயலாது.

இழப்பின் அளவும் சிறிதன்று. 2022-இல் நாட்டின் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அதே ஆண்டில் 64,105 விபத்துகளுடன் எண்ணிக்கையில் தமிழகம் முதலிடத்தில் இருந்தது. 17,884 பேரை இழந்தோம். நாட்டின் விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் மேல், பின்னாலிருந்து மோதியவை. இவை அனைத்தும் டிரெய்லர்களால் நேர்ந்தவை அல்ல. ஆனால், மெதுவாகச் செல்லும், பின்புறம் கண்ணுக்குப் புலப்படாத வண்டி எத்தகைய விபத்தை வரவழைக்கும் என்பதை அந்த வகைப்பாடு உணர்த்துகிறது. 2022 அக்டோபர் 1 அன்று உத்தர பிரதேசத்தின் கான்பூர் அருகே, கோயிலுக்குச் சென்று திரும்பியவர்களுடன் டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்ததில் 26 பேர் மாண்டதையும் மறந்துவிட முடியாது.

பிற நாடுகள் இணைப்பைத் தனிப் பொருளாகவே கருதுகின்றன. வாகன இணைப்புக் கருவிகளுக்கென்றே ஐ.நா.வின் 55-ஆம் எண் ஒழுங்குமுறை இருக்கிறது. அமெரிக்காவின் பெரும்பாலான மாகாணங்களில் கொக்கிக்குத் துணையாகப் பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம். அச்சங்கிலிகளை இழுவைத் தண்டுக்கு அடியில் குறுக்காகப் பூட்டுவது வழக்கம். பின் கழன்றால் தண்டின் முனை சாலையில் குத்தாமல், சங்கிலித் தொட்டிலில் விழுந்து தாங்கப்படும். வளைவில் திரும்பத் தேவையான தளர்வு இருக்க வேண்டும். தரையில் இழுபடக் கூடாது. நம் பட்டறைகளால் ஒரு மணி நேரத்தில் செய்து தரக்கூடிய ஏற்பாடுதான் இது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். விலையும் கிடைக்காமல், கூலிக்கு ஆளும் கிடைக்காமல் தவிக்கும் விவசாயியின் தலையில் இன்னொரு விதியா? அந்த விதி சாலையோரத்தில் மற்றொரு வசூலுக்கு வழிவகுக்காதா? இந்த அச்சத்தைப் புறந்தள்ளுவது நேர்மையாகாது. அபராதத்தில் தொடங்கும் எந்தச் சீர்திருத்தமும் பெரிய சூளைக்காரரை விட்டுவிட்டு, இரண்டு ஏக்கர்காரரைத்தான் முதலில் பிடிக்கும்.

ஆகவே, தொடங்க வேண்டிய இடம் மானியம். 2014-15 முதல் நடைமுறையில் உள்ள வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின்கீழ் டிராக்டர்களுக்கும் கருவிகளுக்கும் வாடகை மையங்களுக்கும் அரசு பணம் தருகிறது. வேளாண்மைப் பொறியியல் துறை தானே இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. கூட்டுறவு வங்கிகள் கடன் அளிக்கின்றன. அரசின் பணம் செல்லும் ஒவ்வொரு டிராக்டருடனும் பூட்டுள்ள பின், சங்கிலி, பின்விளக்கு இணைப்பு, ஒளிரும் பட்டை ஆகியவை ஒரே தொகுப்பாக வழங்கப்படட்டும். ஏற்கெனவே ஓடும் வண்டிகளுக்கு அறுவடைக்கு முன்னதாக ஊராட்சிதோறும் முகாம் நடத்திப் பட்டையை இலவசமாக ஒட்டலாம்.

இரண்டாவதாக, டிரெய்லர் கட்டும் பட்டறைகளுக்குக் கொக்கி உயரம், வளைய விட்டம், பின்னின் கனம் ஆகியவற்றைக் குறிக்கும் எளிய அளவுத்தாள் தமிழில் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் மூலம் அதைப் பரப்பலாம். மூன்றாவதாக, டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்த ஒரே காப்பீட்டுப் பத்திரம், விவசாயியால் தாங்கக்கூடிய கட்டணத்தில் வழங்கப்பட வேண்டும். அபராதம் இவற்றுக்குப் பிறகு வரட்டும். அப்போதும் வணிக நோக்கில் மண்ணும் கல்லும் ஏற்றுவோரிடமிருந்து அது தொடங்கட்டும்.

அரசு செயல்படும்வரை ஓட்டுநர்கள் காத்திருக்கத் தேவையில்லை. வயலில் திரும்புவதற்காக டிராக்டரின் இடது, வலது பிரேக்குகள் தனித்தனி மிதிகளாக அமைந்துள்ளன. சாலைக்கு வரும் முன் அவ்விரண்டையும் இணைக்கும் கொண்டியைப் போட வேண்டும். மறந்துபோய் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால் டிராக்டர் ஒரு பக்கமாகச் சுழலும். பின்னால் வரும் பாரம் அதைத் தள்ளி மடக்கிவிடும். இருசக்கர டிரெய்லரில் பாரம் அச்சுக்குப் பின்னால் மிகுந்தால் கொக்கி மேலே தூக்கப்பட்டு டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். முன்னால் மிகுந்தால் டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையிலிருந்து எழும்பித் திருப்பும் திறனை இழக்கும். கிளம்பும் முன் இவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

மாட்டுவண்டிக் காலத்தில் வண்டிக்காரர் கடையாணியைத் தொட்டுப் பார்க்காமல் மாட்டை முடுக்கியதில்லை. சக்கரம் கழன்றால் விழப்போவது தாம்தான் என்பது அவருக்குத் தெரியும். இன்றைய கொக்கி கழன்றால் விழப்போவது பெரும்பாலும் வேறொருவர். அந்த வேறொருவரின் செலவையும் கணக்கில் சேர்ப்பதற்காகத்தான் மானியமும் காப்பீடும் சட்டமும் இருக்கின்றன. அடுத்த நிதிநிலை அறிக்கையில் வேளாண் இயந்திரங்களுக்கு ஒதுக்கப்படும் தொகையில், இந்தச் சங்கிலிக்கும் பின்னுக்கும் ஒரு வரி இடம்பெறட்டும்.