வெனிசுக்கு அப்பாலும் ஊர்கள் உண்டு

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஐரோப்பா செல்லும் நண்பர்களின் பயணப் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: வெனிஸ், பார்சலோனா, சாண்டொரினி. அந்த ஊர்களோ கூட்டத்தில் திணறுகின்றன. காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணிகளிடம், குறிப்பிட்ட சில நாள்களில் நுழைவுக் கட்டணம் வாங்கும் முறையை வெனிஸ் 2024ல் தொடங்கியது.

மத்தியதரைக் கடல் இந்த மூன்று ஊர்களோடு முடிந்துவிடுவதில்லை. கிரேக்கத்தின் கோர்ஃபு தீவிலிருந்து படகேறினால் அல்பேனியாவின் சாரண்டா துறைமுகத்தை அடையலாம். அதற்குத் தெற்கே உள்ள புட்ரின்டில் கிரேக்கர், ரோமானியர், பைசாந்தியர், வெனிசியர் ஆகியோர் விட்டுச்சென்ற கட்டடங்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். யுனெஸ்கோ 1992ல் அதை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. மலைச்சரிவில் கற்கூரை வீடுகள் நிறைந்த ஜிரோகாஸ்தர் நகருக்கு அந்தச் சிறப்பு 2005ல் கிடைத்தது.

ஆனால், “யாருக்கும் தெரியாத இடம்” என்று இன்ஸ்டகிராமில் படம் போடுவதற்காக மட்டும் அங்கே ஓடினால், வெனிசின் சிக்கலைத்தான் நாம் அங்கும் கொண்டுபோவோம். பத்து நாளில் ஐந்து நகரங்கள் என்று பறப்பதைவிட, இரண்டு ஊர்களில் தங்குவது நல்லது. போக்குவரத்துச் செலவும் குறையும். உள்ளூர்க் குடும்பம் நடத்தும் விடுதியில் தங்கி, பக்கத்துக் கடையில் சாப்பிட்டால், நம் பணம் அவ்வூர் மக்களின் கைக்குப் போகும். கோடை உச்சத்தைத் தவிர்த்து, நமக்கு விடுமுறை தொடங்கும் மே மாதத்திலேயே செல்லலாம்.

புது ஊரைக் கண்டுபிடிப்பதில் பெருமை இல்லை. நாம் வந்துபோனது அவ்வூருக்குச் சுமையாகாமல் இருந்தால், அதுதான் பெருமை.