விளக்கைப் பார்த்து மயங்காதீங்க!

மகளின் பிறந்த நாளுக்காக, 900 ரூபாயில், கலர் விளக்கு மின்னும் புளூடூத் ஸ்பீக்கர் வாங்கினோம். விழா முடிந்ததும், பார்வை மங்கிய என் மாமியார், 'எனக்கு ரெண்டு பழைய பாட்டு போடேன்மா...' என்றார். போட்டால், 'டம் டம்' சத்தம் தான் தூக்கலாகக் கேட்டது, வார்த்தையே புரியவில்லை. விளக்கும் சேர்ந்து எரிந்ததால், இரண்டு மணி நேரத்தில் சார்ஜும் தீர்ந்து விட்டது. விளக்கை மட்டும் அணைக்க, அதில் பட்டனே இல்லை! பாவம், அத்தை முகம் வாடிப் போச்சு.

தோழியரே... கடையிலேயே ஒரு பழைய பாட்டைப் போட்டு, வார்த்தை தெளிவாகக் கேட்கிறதா, விளக்கை அணைக்க முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். மெமரி கார்டு போடும் வசதி இருந்தால், பெரியவர்கள் போனுக்காக நம்மைக் காத்திருக்க வேண்டாம். பார்ட்டி ஒரு நாள்; பாட்டு தினமும் தானே!

— ஒரு வாசகி, திண்டுக்கல்.