ஓவியக் கூடமும் ஒளியின் அளவும்

ஒளியின்றி ஓவியத்தைக் காண்டல் இயலாது. அவ்வொளியாலேயே ஓவியம் நாளடைவிற் கெடுதலும் உண்டு. ஆதலின் ஓவியக் கூடத்தில் விளக்கமைத்தல் அறிவும் அறமும் கூடி ஆராய்தற்குரிய தொழிலாகும். மேலைநாட்டுக் கூடங்களுக்குச் செல்வோர் சிலர், "அறையை இத்துணை மங்கலாக வைத்திருப்பதேன்? காட்டுவதை நன்கு காட்டலாகாதோ?" என்று குறைகூறுவர். அக்குறை பொருந்துமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் குறைகூறுவோர் பக்கத்து நியாயத்தை உரைப்போம். இலண்டன் மாநகரில் 1857-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தென் கென்சிங்டன் பொருட்காட்சிசாலையில், அதன் தலைவர் ஹென்றி கோல் என்பார் ஓவிய அறைகளில் வாயு விளக்குகளை அமைப்பித்தார். பகலெல்லாம் உழைக்கும் தொழிலாளர் மாலையில் வந்து கலைச்செல்வத்தைக் கண்டு மகிழவேண்டும் என்பது அவர் கருத்து. பகலொளியையே நம்பிய கூடம் பகலில் ஓய்வுடையார்க்கே பயன்படும். அவ்விளக்குகள் ஏழைமக்கட்கு வாயில் திறந்தன என்றே கூறுவோம்.

இனி, மற்றொரு பக்கத்தை நோக்குவோம். ரஸல், ஆப்னி என்னும் அறிஞரிருவர் நீர்வண்ண ஓவியங்களின்மேல் ஒளி விளைக்கும் தீங்கினை ஆராய்ந்து 1888-இல் அறிக்கை வெளியிட்டனர். வண்ணங்கள் பல ஒளிபட்டு வெளிறும் என்பது அதனால் தெளிவாயிற்று. இத்தீங்கு நாடோறும் சேர்ந்து பெருகுவது. பேரொளி ஒரு மணிநேரத்திற் செய்யும் கேட்டினை, அதிற் பத்திலொரு பங்கான சிற்றொளி பத்து மணிநேரத்திற் செய்துவிடும். இழந்த நிறமோ மீளாது. ஆகவே, ஒரு பரப்பின்மீது விழும் ஒளியை அளக்கும் லக்ஸ் என்னும் அளவையால், நீர்வண்ண ஓவியங்கட்கு ஏறக்குறைய 50-உம், நெய்வண்ண ஓவியங்கட்கு 200-உம் போதுமென வரையறுத்துள்ளனர். நண்பகல் வெயிலோ அவ்வளவையில் ஓரிலக்கத்தை எட்டும்.

இவ்வரையறையைப் போற்றாவிடத்து நேர்வது யாது? அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், மார்க் ராத்கோ வரைந்த 5 பேரோவியங்களை 1964-இல் ஓர் உணவறையில் மாட்டினர். சாளரங்களின் வழியே புகுந்த வெயிலால் அவற்றின் செந்நிறம் வெளிறிப்போகவே, 1979-இல் அவற்றை அகற்றினர். 2014-இல் அறிஞர், இழந்த நிறத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்ற வண்ணவொளியை அவ்வோவியங்களின்மேற் பாய்ச்சிப் பண்டைத் தோற்றத்தைக் காட்டினர். கெடுத்த ஒளியே மருந்துமாயிற்று! ஆயினும் விளக்கை அணைத்தவுடன் வெளிறிய படமே எஞ்சி நின்றது.

அளவறிந்து வழங்கியவரும் உளர். ஹென்றி வான் என்னும் செல்வர், டர்னர் என்னும் ஆங்கில ஓவியரின் நீர்வண்ண ஓவியங்கள் 38-ஐ ஸ்காட்லாந்து தேசிய ஓவியக் கூடத்திற்கு உயிலால் உரிமையாக்கினார். 1900-இல் அவை அதனை அடைந்தன. வடபுலத்தில் வெயில் மிக மெலிந்திருக்கும் ஜனவரித் திங்களில் மட்டும், அனைத்தையும் ஒருங்கே, கட்டணமின்றிக் காட்டவேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. நூறாண்டு கடந்தும் அவ்வண்ணங்கள் பொலிவு குன்றாது விளங்குகின்றன. "ஜனவரியில் மட்டும்" என்றவரே "கட்டணமின்றி" எனவும் கூறியதை அன்பர்கள் நோக்குக. காத்தலும் காட்டலும் அவருள்ளத்தில் பகையாகவில்லை.

யாம் கொள்ளும் முடிபு இதுவே: கூடத்தின் மங்கலொளியைக் கருமித்தனம் எனப் பழித்தல் தகாது. ஆனால், காப்பாளர்க்கும் கடமையுண்டு. வெயிலிலிருந்து வருவோர் கண் பழகுமாறு முன்னறைகளில் ஒளியைப் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். படத்தின் கண்ணாடியில் விளக்கு எதிரொளித்துக் காண்பாரை இடர்ப்படுத்தலாகாது. மூத்தோர் கண்ணுக்கு மிகுதியான ஒளி வேண்டுமாதலின், அவர்க்கெனச் சில வேளைகளில் விளக்கைச் சற்றுத் தூண்டலாம். அச்செலவை மற்றை வேளைகளில் குறைத்து ஈடுசெய்க. மங்கலின் காரணத்தை வாயிலிலேயே எழுதிவைத்தலும் நன்று. காரணம் அறிந்தோர் பெரும்பாலும் குறைகூறார். காப்பின் பெயரால் ஓவியங்களை என்றும் பூட்டிவைத்தலோ, விளக்கை மரக்காலால் மூடுவதையே ஒக்கும்.

ஓர் ஓவியம் தாங்கவல்ல ஒளி, முன்னோர் விட்டுச்சென்ற முதல்போன்றது. அதில் நமக்கும் பங்குண்டு. இன்னும் பிறவாதார்க்கும் பங்குண்டு. நம் பங்கை மகிழ்ந்து துய்த்து, அவர் பங்கைக் கையிடாது விட்டுச்செல்வோமாக.